செம்மணி எலும்புகளும் எமது மரபணுவும்

யாழ்ப்பாணம் செம்மணியில் 1999 இல் தோண்டியபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். 2025 இல் அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்டவை அகழ்ந்தெடுக்கப்பட்டன.

இறந்தவர் யாரெனத் தெரியாமல் கொன்றவரை நெருங்குதல் அரிது. எலும்பிலும் பல்லிலும் எஞ்சும் மரபணு தானாகப் பெயர் சொல்லாது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரின் மரபணுவோடு ஒப்பிடவேண்டும். அவர்களுட் பலர் இன்று சிட்னியிலும் மெல்பேர்ணிலும் முதுமை எய்துகின்றனர். ஒரு தாய் மறைந்தால் ஒப்பிடச் சிறந்த மாதிரியும் மறைகிறது.

அவுஸ்திரேலியாவில் காணாமற்போனோருக்காக 2020 இல் தொடங்கிய தேசிய மரபணுத் திட்டம், உறவினரின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் தடவியே மாதிரி பெற்றது.

அதனை இலங்கை அரசிடம் ஒப்படைக்க எம் முதியோர் அஞ்சுவது நியாயமே. அனைத்துலகக் கண்காணிப்புடைய ஆய்வகமொன்று பேணவேண்டுமென எமது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கோருவோம். இளையோரே, அதுவரை காத்திராமல், காணாமல் ஆக்கப்பட்ட மாமாவுக்கு முறிந்த எலும்பு, அடைத்த பல் இருந்தனவா என்று அம்மம்மாவிடம் இவ்வாரமே கேட்டு எழுதிவையுங்கள்.