கட்டில் போகும் தூரம்

காசு வாங்காமல் பழைய பொருளைக் கைமாற்றும் ஃப்ரீசைக்கிள், 2003-ல் அமெரிக்காவின் டூசான் நகரில் டெரான் பீல் நண்பர்களுக்கு அனுப்பிய இ-மெயிலில் பிறந்தது. ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்ததும் புதுச் சிக்கல்: நம் வீட்டுக்குப் பக்கத்தில் எது? அகரவரிசைப் பட்டியலில் அடுத்த ஊர்கூட எங்கோ தள்ளி நிற்கும். கட்டிலைச் சுமப்பவருக்கோ தூரம்தான் கணக்கு. 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தபின் பட்டியலை வரைபடமாக்குவது ஆர்வலர்களுக்கும் கைகூடியது. புள்ளி வைப்பது சுலபம், பராமரிப்பதுதான் பாடு. பல குழுக்கள் தொடக்கத்தில் இயங்கிய யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே வழிகாட்டும் பழைய புள்ளியை நம்புகிறவர் அலுத்துப்போய்க் கட்டிலைக் குப்பைக்கே அனுப்புவார். ஒவ்வொரு புள்ளியின் கீழும் கடைசியாகச் சரிபார்த்த தேதி வேண்டும். கொடுப்பவரின் வீட்டு விலாசம் வேண்டாம். பேட்டையின் பெயர் போதும்.