நுரையீரலுக்கு எத்தனை பார்ட்-டைம் ஜாப்?

ஒரு குட்டி வைவா. 'நுரையீரலோட வேலை என்ன?' 'மூச்சு விடறது'ன்னு டக்குனு சொன்னா ஜஸ்ட் பாஸ்தான். சென்டம் வேணும்னா இன்னும் கொஞ்சம் உள்ளே போகணும் பாஸ்!

மெயின் வேலையை முதல்ல பார்த்துடுவோம். ரெண்டு நுரையீரல்லயும் சேர்த்து 30 கோடிக்கும் மேல குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள். அத்தனையையும் விரிச்சுப் போட்டா கிட்டத்தட்ட ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவு வரும். மூளை, கிட்னிக்கெல்லாம் இதயம் அனுப்புற ரத்தத்துல ஒரு பங்குதான் போகும். நுரையீரலுக்கு மட்டும் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர்னு மொத்த ரத்தமும் வந்துதான் ஆகணும். ஹைவேஸ்ல டோல்கேட் மாதிரி! இப்படி ஒரு இடம் கிடைச்சா இயற்கை சும்மா விடுமா? இன்னும் பல வேலைகளை அதுங்க தலையில கட்டிடுச்சு.

வேலை 1: செக்போஸ்ட்

ரத்தத்துல அப்பப்போ சின்னச் சின்ன உறைகட்டிகள் உருவாகும். அது நேரா மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். நடுவுல நுரையீரலோட மெல்லிய ரத்தக் குழாய்கள் வடிகட்டி மாதிரி அதைப் பிடிச்சு வெச்சு, மெதுவா கரைச்சுடும். நாம ஹாயா அரட்டை அடிச்சிட்டு இருக்கும்போதே இந்த வேலை நடக்குது.

சின்னது ஓகே. பெருசு வந்தா? கால்ல உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கிட்டு வந்து நுரையீரல் குழாயை அடைக்கிறதுக்குப் பேர் பல்மனரி எம்பாலிசம். உயிரையே எடுக்கக்கூடியது. கால்ல மாவுக்கட்டு போட்டுப் படுத்திருக்கிறவங்க, ஆபரேஷன் முடிஞ்சவங்க, மணிக்கணக்கா காலை அசைக்காம டிராவல் பண்றவங்களுக்கு ரிஸ்க் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது, திடீர்னு மூச்சு வாங்குது, மூச்சை இழுத்தா நெஞ்சு குத்துதுன்னா 'கேஸ் பிராப்ளம்'னு சோடா வாங்கிக் கொடுக்காதீங்க. நேரா எமர்ஜென்சிதான்!

வேலை 2: பி.பி. கன்ட்ரோல் ரூம்

கிட்னி ரெனின்னு ஒரு சிக்னல் அனுப்பும். அதனால ரத்தத்துல ஆன்ஜியோடென்சின்-1 உருவாகும். இது ஒரு டம்மி பீஸ். ஏ.சி.ஈ.ங்கிற என்சைம்தான் இதை ஆன்ஜியோடென்சின்-2 ஆக மாத்தும். இது ஹீரோ. ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யை ஏத்திடும். இந்த மாற்றம் பெரும்பாலும் நுரையீரல்லதான் நடக்குதுன்னு ஜான் வேன் டீம் 1967-ல் காட்டினாங்க.

இந்தக் கதையில ஒரு பாம்பும் இருக்கு! பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியன் கடிச்சா பி.பி. மளமளன்னு இறங்கும். அந்த விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேரா, அதை எடுத்துக்கிட்டு லண்டன்ல இருந்த வேனோட லேபுக்கே வந்தார். அது ஏ.சி.ஈ. என்சைமைத் தடுக்குதுன்னு தெரிஞ்சது. அந்த ரூட்டுலயே போய் உருவாக்கின மாத்திரை கேப்டோபிரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிச்சு.

இப்போ வீட்டுக்கு வாங்க. அப்பாவோ தாத்தாவோ எனலாபிரில், ராமிபிரில்னு 'பிரில்'ல முடியற பி.பி. மாத்திரை போடறாங்களா? கூடவே விடாம வறட்டு இருமலா? அதே ஏ.சி.ஈ.தான் பிராடிகைனின்ங்கிற பொருளையும் உடைக்குது. மாத்திரை அதைத் தடுக்கறதால பிராடிகைனின் சேர்ந்து, சிலருக்குத் தொண்டையைக் கிளறிவிடும். பாட்டில் பாட்டிலா இருமல் சிரப் குடிச்சாலும் இது போகாது. அதுக்காக நாமளே மாத்திரையை நிறுத்திடவும் கூடாது. டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் கொடுப்பார்.

வேலை 3: ஆசிட் மீட்டர்

ரத்தத்தோட பி.ஹெச். 7.35-லிருந்து 7.45-க்குள்ள நிக்கணும். கார்பன்-டை-ஆக்ஸைடு ரத்தத்துல கரைஞ்சா கார்பானிக் அமிலம். அதனால ஆசிட் ஏறினா நுரையீரல் வேகமா மூச்சு விட்டு, அந்த வாயுவை வெளியே தள்ளி பேலன்ஸ் பண்ணும்.

இது தெரிஞ்சிருந்தா ஒரு உயிரைக்கூடக் காப்பாத்தலாம். டைப்-1 சர்க்கரை நோய் நம்ம வயசுலயும் வரும். இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிச்சு ஆசிட் சேரும்போது ஆழமா, வேகமா மூச்சு வாங்கும். கூடவே அடங்காத தாகம், வாந்தி, வயித்துவலி, வாயில பழ வாசனை. ஹாஸ்டல் ரூம்மேட் இப்படிக் கிடந்தா, 'மெஸ் சாப்பாடு ஒத்துக்கலை'ன்னு காலைவரைக்கும் வெயிட் பண்ணக் கூடாது. அங்கே நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. வேற எங்கேயோ தீப்பிடிச்சதுக்கு அது அலாரம் அடிக்குது!

வேலை 4: பிளேட்லெட் ஃபேக்டரி

டெங்கு சீஸன்ல நாம எண்ணிக்கிட்டே இருப்போமே, அந்தத் தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையோட சரக்குன்னுதான் படிச்சோம். 2017-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் உயிருள்ள எலியோட நுரையீரலை வீடியோ மைக்ராஸ்கோப்ல பார்த்தப்போ, அங்கே மணிக்கு 1 கோடிக்கும் மேல தட்டணுக்கள் உருவாகறது தெரிஞ்சது. எலியோட மொத்தத்துல சுமார் பாதி! மனுஷனுக்கும் இதே கணக்குதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பழைய டயாகிராமைத் திருத்த வேண்டியதுதான்.

வேலை 5: செக்யூரிட்டி

தூசி, கிருமி உள்ளே வந்தா மூச்சுக்குழாயில இருக்கிற நுண்ணிய முடிகள் சளியோட சேர்த்து மேலே தள்ளிவிடும். சிகரெட் புகை முதல்ல காலி பண்றது இந்தத் துடைப்பங்களைத்தான். தப்பி ஆழத்துக்குப் போறதை மேக்ரோஃபேஜ் செல்கள் முழுங்கிடும். அங்கேதான் டி.பி. கிருமி செம வில்லத்தனம் பண்ணுது. முழுங்கின செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். காவல்காரன் வீட்லயே திருடன்!

டி.பி.ன்னாலே ஆளை ஒதுக்கி வைக்கற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் போகலை. ஆனா அதைத் தப்புன்னு காட்டினதே நம்ம சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கின காசநோய் சிகிச்சை மையம், நோயாளிகளை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தது. 1959-ல் வந்த ரிசல்ட்: வீட்டு சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால கூடுதல் ஆபத்து இல்லை. உலகமே டி.பி. சிகிச்சையை மாத்திக்க இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஸோ, ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? அரசு மருத்துவமனையில சளி டெஸ்ட் ஃப்ரீ, மாத்திரையும் ஃப்ரீ. கோர்ஸை நடுவுல விடாம முடிக்கணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. நுரையீரல் ரொம்ப சாதுவான பார்ட்டி. அதோட திசுவுக்கு வலி தெரியாது. ஸ்டாக்கும் ஏராளம். மறைந்த போப் பிரான்சிஸ், 1957-ல் ஒரு நுரையீரலோட ஒரு பகுதியை ஆபரேஷன்ல எடுத்த பிறகும் 88 வயசு வரைக்கும் வாழ்ந்தார். ஆனா அந்த ஸ்டாக்தான் நம்மை ஏமாத்துது. தினமும் ஊதற பார்ட்டிகள் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னு சொல்றது அதனாலதான். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கற அன்னிக்கு, ஸ்டாக்ல நிறைய காலியாகி இருக்கும். போனது திரும்ப வராது. ஆனா இன்னிக்கு நிறுத்தினா, மிச்சம் இருக்கிறது வேகமா கரையாம இருக்கும்.

இத்தனை வேலையையும் சம்பளம், லீவு இல்லாம பார்க்கற தொழிலாளி அது. அதுக்கு நாம புகையை போனஸா கொடுக்கலாமா?

நல்லா ஒரு மூச்சு இழுத்து விட்டுட்டு கிளாஸுக்குக் கிளம்புங்க. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!