சட்ட நூலகமும் லயத்து மாணவரும்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து தொடுபுழைக்கும் எர்ணாகுளத்திற்கும் சட்டம் பயிலச் செல்லும் தமிழ் மாணவர் பலருக்கு, வீட்டில் வழக்கறிஞரும் இல்லை. சட்ட நூலும் இல்லை. அவர்களுக்குக் கல்லூரி நூலகமே முதல் துணை. அந்நூலகத்தை அலமாரிகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடலாகாது.

லயத்து வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அதன் பொருள் இன்று 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. பழைய சட்டம், மாநில விதிகள், தீர்ப்புகள், புதிய தொகுப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் படிக்காத மாணவர், தம் பெற்றோரின் உரிமை எது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. நூல் இருந்தால் மட்டும் இது கைகூடாது. தேடும் முறையைக் கற்பிக்கும் நூலகர் வேண்டும்.

மொழியும் இங்கு முக்கியம். உயர் நீதிமன்றங்களில் வாதம் ஆங்கிலத்தில் நடக்கையில் தமிழ்ப் பிரிவு எதற்கு என்று கேட்கலாம். வாதம் ஆங்கிலமாயினும், தோட்டத் தொழிலாளி தம் குறையைச் சொல்வது தமிழில். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அளிக்கிறது. உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகள் சிலவற்றை 2019 முதல் தமிழில் கட்டணமின்றி வெளியிட்டு வருகிறது. அவற்றைத் தொகுத்து, தலைப்புவாரியாக அடுக்கி வைக்கப் பெருஞ்செலவு ஆகாது.

இடுக்கி மாவட்ட மாணவரைச் சேர்க்கும் சட்டக் கல்லூரிகள், இப்பணியைச் சலுகையாக அன்றி, சட்டக் கல்வியின் பகுதியாகவே ஏற்க வேண்டும்.