கப்பலுக்கு அப்பால் வ.உ.சி.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி.க்கு மாலையிடுகிறோம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கதை நமக்கு மனப்பாடம். சிறையில் அவர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கியதும், ‘மெய்யறம்’ யாத்ததும், பின்னர் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்ததும் நமக்கு வெறும் பின்குறிப்புகள்.

1917இல் ‘இன்னிலை’யைப் பதினெண்கீழ்க்கணக்கு நூலெனக் கருதிப் பதிப்பித்தார். அது பழைய நூலன்று, போலி எனப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தனர். இதை மேடையில் சொன்னால் தியாகியை இழித்ததாக முகம் சுளிக்கிறோம்.

எகிப்தைப் பாருங்கள். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதையில் பெரும்பகுதி பிற்காலப் புனைவு என 1926இல் தாஹா ஹுசைன் எழுதினார். வழக்கு வந்தது, நூலைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆயினும் மறுப்பு நூல்கள் பல எழுந்தன. பகைத்தவர்களும் அவரைப் படித்தார்கள். 1950இல் அவரே கல்வியமைச்சரானார்.

நாமோ வ.உ.சி.யை மறுப்பதற்காகக்கூடப் படிப்பதில்லை. பதிப்பாசிரியரின் பிழையைச் சான்றோடு எடுத்துரைப்பது, அவரைப் பதிப்பாசிரியராக மதிப்பதாகும். தமிழ் கற்பிக்கும் நாமே இதில் முதற்குற்றவாளிகள். வரும் செப்டம்பரிலாவது, மாலையோடு ‘இன்னிலை’ப் பதிப்பையும் ஓட்டப்பிடாரத்துக்கு எடுத்துச் செல்வோம், அங்கேயே அமர்ந்து விவாதிப்போம்.