விளக்கெரியும் வாசிகசாலையே வேண்டும்!

ஊருக்கொரு சனசமூக நிலையமும் அதனோடு இணைந்த வாசிகசாலையும் விளையாட்டிடமும் வேண்டுமென்பதில் தமிழ் மக்களிடையே இரு கருத்தில்லை. பத்திரிகை படிக்கவும், கூட்டங்கூடவும், பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்டவும் எமது இளைஞர் பழகியது அங்கேதான். 2025 மே மாதத் தேர்தலின் பின் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துள்ளன. இனிப் புதிய நிலையங்கள் எழும், பழையன திருத்தப்படும். அடிக்கல் நாட்டுமுன் அம்மன்றங்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம்: திறப்பு விழா முடிந்தபின் மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தப்போவது யார்?

இஃது அற்பக் கேள்வியன்று. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஓகஸ்டிற் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பின்னர் குறைக்கப்பட்டதும் உண்மையே. ஆயினும், கொழும்பில் எழுதப்படும் கட்டண அட்டவணையொன்று எமது ஊர் வாசிகசாலையின் கதவைச் சாத்தவல்லதாயின், அக்கட்டடத்தை எமதென்று சொல்வதெங்ஙனம்? பூட்டிக் கிடப்பது நூலகமன்று, புத்தகக் கிடங்கு.

பரிகாரம் எமது மண்ணிலேயே உண்டு. கட்டடத்தின் நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். அப்பொழுது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களிலேயே விழும்; சோளகமும் வாடையும் யன்னல்களினூடே புகுந்து செல்லும். ஆழ்ந்த விறாந்தையும் ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் வெப்பத்தைத் தணிக்கும் என்பதை நாற்சார் வீடு கட்டிய எம்முன்னோர் அறிந்திருந்தனர். வாசிப்பு மேசை வடபுற யன்னலருகே இருப்பின் பகலில் விளக்கே வேண்டியதில்லை. புத்தகங்களும் வெயிலிற் கெடா. யன்னலுக்கு நுளம்பு வலை போதும். ஒரு குளிரூட்டி உண்ணும் மின்சாரத்திற் பத்து மின்விசிறிகள் சுழலும். கூரையிற் சூரியத் தகடுகள் பதித்தால் எஞ்சிய செலவும் பெரிதுங் குறையும். ஆனால், மின்கலம் இல்லாத சாதாரண சூரியத் தொகுதி, பொது மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். ஆதலால் மாலையில் விளக்குக்கும் விசிறிக்கும் போதுமான மின்கலமும் மதிப்பீட்டிற் சேரவேண்டும்.

"நகரத்தார்க்குக் கண்ணாடி மாளிகை, எமக்கு ஓட்டுக் கொட்டகையா?" என்று சிலர் வாதிடக்கூடும். அவர்தம் மான உணர்ச்சியை நாம் மதிக்கின்றோம், வாதத்தை ஏற்கோம். அரிய ஏடுகளைப் பேணச் சிறிய அறையொன்றைக் குளிரூட்டுவதை எவரும் ஆட்சேபியார். முழு மண்டபத்தையும் கண்ணாடியால் அடைத்து, உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றப் பணம் கொடுப்பதோ பெருமையன்று, கடன்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்த சிறு நூற்சேர்க்கையே. மாளிகை வந்தது 1959 இல். வாசகர் அதற்கு முன்னரே வந்துவிட்டனர். 1981 இல் அம்மாளிகையைத் தீயிட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன் பின்னும் எம்மவர் வாசிப்பைக் கைவிடவில்லை. வன்செயலால் அணையாத விளக்கு, கட்டணச் சிட்டையால் அணைவதோ?

ஆகவே நாம் கோருவது இதுவே. எந்தப் பொதுக் கட்டடத்தின் வரைபடமும் மாதாந்த நடைமுறைச் செலவின் மதிப்பீடின்றிச் சபையில் அங்கீகரிக்கப்படலாகாது. நன்கொடை தருவோர் எவராயினும் இந்நிபந்தனை பொருந்தும். மதிப்பீடு சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படல் வேண்டும். கட்டித் தருவோர் ஒருநாள் வருவர். விளக்கேற்ற வேண்டியவர் நாமே.