முற்றுமுன் பறிக்கும் கை

கோடை வந்தால் பெரியகுளத்தில் பந்தின் ஓசை எழும். பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காகச் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வங்கி அணிகளும் படைத்துறை அணிகளும் வந்து சேரும். போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் வளரும் பிள்ளைகள் நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரரை அருகிருந்து காண இதைவிட அண்மையான களம் இல்லை. அப்பிள்ளைகளுள் ஒருவன் என்றேனும் ஓங்கி எழுவான். அன்று அவனைப் பற்றி எழுதும் பொறுப்பு இதழ்களைச் சேரும். அப்பொறுப்புக்கு நாம் இன்னும் தகுதி பெறவில்லை என்பதே எம் கருத்து. சத்னம் சிங் பாமராவின் வரலாறு அதற்குச் சான்று.

பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் சத்னம். லூதியானாவில் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்று, 2010இல், பதினான்கு வயதில், புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாதெமிக்குச் சென்றார். ஆங்கிலமும் அங்குதான் கற்க வேண்டியிருந்தது. 2015 ஜூனில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரைத் தெரிவு செய்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. உயரம் ஏழடி இரண்டங்குலம். இந்தியாவில் பிறந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் புதுமுகத் தெரிவில் இடம்பெற்ற முதல்வர் அவரே. மறுநாள் முதல் ஒரு நாட்டின் கனவு முழுவதும் அவர் தோள்மீது ஏற்றப்பட்டது. அடுத்த ஆண்டே ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. நூறு கோடியில் ஒருவர் என்பது அதன் தலைப்பின் பொருள்.

அறுபது பேர் தெரிவான அன்று அவர் 52ஆவது என்பதையும், இரண்டாம் சுற்றில் தெரிவானவர்க்கு ஒப்பந்த உறுதி கிடையாது என்பதையும், கல்லூரி ஆட்டத்தின் வழியே வாராத அவர் தேறப் பல்லாண்டு பிடிக்கும் என்பதையும் எடுத்துரைத்தோர் சிலரே. அவர் துணை நிலைப் போட்டிகளில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு இரு பருவங்கள் ஆடினார். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. சுப்பிரமணியனோ 2013இலேயே மறைந்துவிட்டார். மாணவனைப் பாடிய ஏடுகளில் ஆசிரியர் பெயர் தேடினாலும் அகப்படுவது அரிது.

2019இல் தெற்காசிய விளையாட்டுகளுக்கு முன் நடந்த சோதனையில் ஹைஜெனமைன் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் அவர் உடலில் காணப்பட்டது. 2020இல் ஈராண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. அப்பொருள் சில தாவரங்களிலும் ஊட்டச்சத்து மாவுகளிலும் இருப்பது. தாம் அறிந்து உட்கொள்ளவில்லை என்றார் அவர். விதி விதியே; அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் பத்தொன்பது வயதில் அவரைத் தெய்வமாக்கிய அதே கைகள் இருபத்தைந்தில் அவரை எச்சரிக்கைப் பலகையாக்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எப்படி ஆடினார், எதைக் கற்றார், எங்கே தடுமாறினார் என்று பார்க்க எந்தச் செய்தியாளரும் போய் அமர்ந்ததாகத் தெரியவில்லை. பிறகு அவர் அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போனதும் ஒரு நாள் வேடிக்கைச் செய்தியாயிற்று.

போடியின் ஏல மையத்தில் தட்டில் வைத்த ஏலக்காயைப் பார்த்த மாத்திரத்தில் வியாபாரி சொல்லிவிடுவார், பிஞ்சில் பறித்ததா முற்றிப் பறித்ததா என்று. பிஞ்சு உலர்ந்தால் சுருங்கும், எடை நில்லாது, விலையும் நில்லாது. மலையில் பறிக்கும் பெண்கள் ஒரே கொத்தில் சில காயைப் பறித்துச் சிலவற்றை விட்டு, வாரங்கள் கழித்து மீண்டும் அச்செடிக்கே வருவர். ஒப்புமை இவ்வளவில் நிற்கட்டும். ஏலச்செடி அடுத்த சுற்றிலும் காய்க்கும், மனிதனுக்குப் பத்தொன்பதாம் வயது ஒருமுறைதான்.

லெப்ரான் ஜேம்ஸைப் பதினேழு வயதில், 2002இல், பள்ளி மாணவனாகவே ஓர் அமெரிக்க இதழ் அட்டையில் ஏற்றிப் புகழ்ந்ததே, அவர் கெட்டாரா எனச் சிலர் வினவலாம். கெடவில்லை. ஆயின் அடுத்த ஆண்டே அவருக்கு வாரந்தோறும் ஆடக் களம் இருந்தது. மிகைப்புகழைத் திருத்த ஆட்டமே போதுமாயிற்று. இந்தியாவில் நிலைத்த தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் இல்லை. வங்கி வேலையும் இரயில்வே வேலையுமே நம் ஆட்டக்காரரின் தொழில்முறை வாழ்வு. திருத்தக் களமில்லாத நாட்டில் புகழுரை அப்படியே உறைந்துவிடுகிறது.

மறுபுறம் சென்னையின் அனிதா பால்துரையைப் பாருங்கள். இளம் வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றார். பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவை இந்தியா வென்றபோது, மகப்பேற்றுக்குப் பின் களம் திரும்பிய தாயாக அவ்வணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட பின்னரே பலர் அவரைத் தேடி ஓடினர். முதிர்ச்சி அங்கே பல்லாண்டாகக் கண்முன் ஆடிக்கொண்டிருந்தது, எழுதத்தான் ஆளில்லை.

ஆகவே இளைஞர்க்கு முதிர்ச்சி போதாது என்று எழுதுமுன் இதழ்கள் தம் வழக்கத்தை மாற்றட்டும். பதினெட்டு நிரம்பாத ஆட்டக்காரரிடம் நேர்காணல் எனில் பெற்றோரும் பயிற்சியாளரும் உடனிருக்கட்டும். ‘அடுத்த இன்னார்’ என்னும் அடைமொழி அறவே ஒழியட்டும். எத்தனை நிமிடம் ஆடினான், எத்தனை பந்தைத் தவறவிட்டான், தோற்ற ஆட்டத்தில் காப்பாட்டம் எப்படி என்பன அச்சேறட்டும். வரும் கோடையில் பெரியகுளத்துக்குச் செய்தியாளரை அனுப்பும் ஆசிரியர்கள் இறுதியாட்டத்துக்கு மட்டும் அல்லாமல் முதல்நாள் ஆட்டங்களுக்கும் அனுப்பட்டும். மறு ஆண்டும் அவரையே அனுப்பட்டும்.