வண்டிச் செயினும் வீட்டு நிம்மதியும்

குழம்புப் பொடி, குழந்தைக்கு மாந்தம் என்று எழுதிக்கொண்டிருந்தவள் இந்த இதழில் மோட்டார் சைக்கிள் செயினைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். “அதெல்லாம் ஆம்பிளைங்க பார்த்துக்கற சமாசாரம் ஆச்சே!” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. அந்த வண்டியின் பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது யார்? நீங்களும் நானும்தானே!

போன ஐப்பசியில் ஒரு நாள். எங்கள் வீட்டுக்காரர் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பி, குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் பக்கம் மேடேறிக்கொண்டிருந்தார். ‘கட கட’ என்று ஒரு சத்தம். செயின் பல்லை விட்டு நழுவி இடுக்கில் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. மேடு, மெதுவாகப் போனார்கள், அதனால் இரண்டு பேருக்கும் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இதுவே 5 நிமிஷத்துக்கு முன்னால், பஸ்ஸும் லாரியும் பறக்கும் பெரிய சாலையில் நடந்திருந்தால்? நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இத்தனைக்கும் அது புதுச் செயின்! மாற்றி நாலு மாதம்கூட ஆகவில்லை. “செட்டாக மாற்றினால் செலவு ஜாஸ்தி, செயின் மட்டும் போதும்” என்று ஒரு கடையில் சொன்னார்கள். நானும் பணம் மிச்சம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த மிச்சம் என்ன வேலை செய்தது என்பதை எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பி, வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார்.

“இந்தப் பல்லைப் பாருங்கக்கா. நேரா நிக்கணும். சுறா மீன் முதுகு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு போச்சு பாருங்க. இதுல புதுச் செயின் போட்டா, அதையும் தின்னுடும்.”

செயின் என்றால் ஏதோ இரும்பு வளையம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஊசி, அதன்மேல் ஒரு குழல், அதன்மேல் உருளும் ஓர் உருளை இருக்கிறது. 1880-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூரின் ரோலான், சென்னையின் டி.ஐ. டயமண்ட் என்று பேர்போன செயின்கள் தயாராகின்றன.

‘செயின் நீண்டுபோச்சு’ என்கிறார்களே, இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஊசியும் குழலும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நூற்றுச் சொச்சம் கண்ணியும் சேர்ந்தால் ஓர் அங்குலம் தொங்கிவிடும்! தொங்கும் செயின் பல்லின் நுனியில் ஏறி உட்கார்ந்து பல்லைத் தேய்க்கும். தேய்ந்த பல் செயினைத் தேய்க்கும். மாமியார் மருமகள் சண்டை மாதிரி, யார் ஆரம்பித்தது என்றே தெரியாது! அதனால்தான் செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

தேய்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சின்ன வண்டிகளின் செயினில் பெரும்பாலும் 420 அல்லது 428 என்ற எண் பொறித்திருக்கும். இரண்டிலும் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம். அகலம்தான் வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக்கூடாது. ஸ்கேலோ தையல் டேப்போ எடுத்துக்கொள்ளுங்கள். செயினை இறுக்கிப் பிடித்து 20 இடைவெளி எண்ணி அளந்தால் புதிதில் 10 அங்குலம், அதாவது 25.4 சென்டிமீட்டர் இருக்கும். 25.9-ஐத் தொட்டுவிட்டால் மாற்றும் வேளை வந்துவிட்டது. இன்னொரு வழி: பின் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினைப் பின்பக்கமாக இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் செயினுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, ஆரோவிலின் செம்மண் புழுதி. எண்ணெயோடு அது சேர்ந்தால் அம்மியில் அரைப்பது போலத்தான். இன்னொன்று உப்பு. என் அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். அங்கே உப்பு மண்ணிலும் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. இரும்பின் மேல் ஈரம் பட்டால் துரு. உப்பீரம் பட்டால் துரு பல மடங்கு வேகம். அண்ணன் வண்டியின் செயினில் சில கண்ணிகள் மடங்கவே மடங்காமல் விறைத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட செயினை அளந்து பார்க்கக்கூட வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான்.

சரி, எத்தனை பல் வாங்குவது? “முன்னாடி ஒரு பல் கம்மியா போட்டா வண்டி நல்லா இழுக்கும்” என்று அண்ணனுக்கு யாரோ சொல்லி, இவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. மெக்கானிக் தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 13 போட்டால் ஒரு சுற்றுக்கு 3.23 தடவை சுற்ற வேண்டும். மேட்டில், மணலில், மூட்டையோடு நன்றாக இழுக்கும், வாஸ்தவம். ஆனால் முன்பு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது எஞ்சின் எவ்வளவு சுற்றியதோ, அதே சுற்றில் இப்போது 46-தான் கிடைக்கும். நல்ல சாலையில் எஞ்சின் வீணாகக் கத்தும், பெட்ரோல் கரையும். பல் குறையக் குறையச் செயினும் அதிகமாக மடங்கித் தேயும். முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

முன்னால் 15 போட்டால் நேர் எதிர். சமதரையில் சுகம், இரண்டு பேர் ஏறி மேடேறினால் திணறல், கிளட்சுக்கும் கேடு. தினமும் பாண்டிச்சேரிக்குப் போய்வரும் எங்களுக்குக் கம்பெனி கொடுத்த எண்ணே போதும் என்று முடிவு செய்தோம். உப்பளத்து வரப்பில் பாரம் ஏற்றும் அண்ணன்தான் ஒரு பல் குறைத்துக்கொண்டார். அவரவர் பாதைக்குத் தக்க பல்!

மாட்டும்போது நானும் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வண்டி சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், சாவி என் முந்தானையில். பழைய செயின் இருக்கும்போதே, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு முன் பல்சக்கரத்து போல்ட்டைத் தளர்த்தினார். செயினைக் கழற்றிவிட்டால் அது கூடவே சுற்றுமாம். பிறகு செயின் லாக்கை எடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பல்சக்கரமும் மாற்றினார். சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர்கள் நைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

புதுச் செயினின் இரண்டு முனையும் பின் பல்சக்கரத்தின் மேலேயே சந்திக்கும்படி வைத்தால், பல்லே பிடித்துக்கொள்ளும்; லாக் போடுவது சுலபம். லாக்கின் கிளிப் பார்க்க மீன் மாதிரி இருக்கும். மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் மீன் தலை இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எங்காவது இடித்துக் கிளிப் கழன்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள், தோழிகளே.

செயினை விறைப்பாகவும் இழுக்கக்கூடாது. கீழ்ப்பக்கத்தில் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே கடைசி வார்த்தை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே கணக்கில் இருக்கட்டும். ஆக்சில் நட்டை முறுக்கிய பிறகு பின் பிரேக்கைச் சரிபார்க்க மறக்கவே கூடாது. சக்கரம் நகர்ந்தால் பிரேக்கின் அளவும் மாறிவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு? மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்த்தி, 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மேலே அப்பிய கிரீஸ் உள்ளே போகாது, புழுதியைத்தான் பிடித்து வைக்கும். உப்புக் காற்றுப் பக்கம் இருப்பவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைத்தால் துணியோடு விரலும் போய்விடும்.

அதனால்தான் குழந்தைகளை அந்த நேரம் கிட்டவே விடக்கூடாது. தப்பித் தவறி விரல் சிக்கினால் சக்கரத்தைப் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, லாக்கைக் கழற்றியோ செயினை வெட்டியோ எடுக்க வேண்டும். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஐஸ் நேராகத் துண்டின் மேல் படக்கூடாது. அதேபோல் பின்சக்கரத்தின் புடவைக் காப்பு: 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரமாவது மூடியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் பிள்ளைகளைக் கண்டியுங்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய்த் தலை ஊறும் நேரத்தில் எங்கள் வீட்டு வண்டிச் செயினுக்கும் எண்ணெய்க் குளியல்தான். செயினைத் துடைப்பது மகள், அளப்பது நான். “உன் தையல் டேப்பு என் வண்டிக்கு வந்துடுச்சே!” என்று இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மகளும் அவரும் பத்திரமாக வாசலில் வந்து இறங்கினால் எனக்கு அது போதும்.